செருவிளை கட்டிக் கொடுத்த முடிச்சு

வண்டு கலியாணத் தரகு பார்த்த காலம் அது. இப்போது மாதிரி வந்தோமா, தேனைக் குடித்தோமா என்று பறந்துவிட முடியாது. இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து சம்பந்தம் பேச வேண்டும்.

ஒரு வேலியில் சங்குப்பூக்கொடிகள் இருந்தன. நீலமாகப் பூப்பவன் கருவிளை. வெள்ளையாகப் பூப்பவள் செருவிளை. வெள்ளைக்கொடிகளை எல்லாம் ஆடு மேய்ந்துவிட்டது, மிச்சம் அவள் ஒருத்திதான். அவளும் போனால் வெள்ளை என்ற நிறமே வேலியை விட்டுப் போய்விடும்.

வண்டு கருவிளையிடம் பேசியது. அவனுக்கோ தலைகால் புரியாத பெருமை.

"கட்டிக்கிறேன். ஆனா என் நிறத்துக்கு முன்னால அவ நிறம் வாய் திறக்கக் கூடாது."

செருவிளைக்கு மனசில்லை. வேறு போக்கும் இல்லை. "சரி. ஆனா ஒவ்வொரு விதைக்குள்ளும் அப்பன் நிறத்தைக் கட்டின முடிச்சு ஒண்ணு, ஆத்தா நிறத்தைக் கட்டின முடிச்சு ஒண்ணு இருக்கணும். என் முடிச்சைத் தூக்கிப் போடக் கூடாது."

"மூடிக் கிடக்கிற முடிச்சு என்னை என்ன செய்யும்?" என்று சிரித்தான் கருவிளை. வண்டு சாட்சி.

மழைக்குப் பிள்ளைகள் முளைத்தன. பூத்தன பாருங்கள், அத்தனையும் நீலம். செருவிளை ஒவ்வொரு கொடியாகத் தேடிப் பார்த்து அழுதாள்.

அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டன. முகம் சுளிக்காதீர்கள், கொடிகளுக்கு அண்ணன் தங்கை முறை ஏது? ஒவ்வொன்றும் தன் மடியிலிருந்த இரண்டு முடிச்சில் கைக்கு வந்த ஒன்றைத் தன் பிள்ளைக்குக் கொடுத்தது.

அடுத்த மழைக்கு நாலு பேரப்பிள்ளைகள். முதலாவது நீலம். இரண்டாவதும் நீலம். மூன்றாவதும் அப்படியே. செருவிளையின் அடித்தண்டு காய்ந்துவிட்டது, இன்றோ நாளையோ என்று கிடக்கிறாள். அப்போது வண்டு மூச்சிரைக்கப் பறந்து வந்தது.

"ஆத்தா, கண்ணைத் திற. நாலாவதைப் பாரு."

வெள்ளை! சோறு மாதிரி வெள்ளை.

கருவிளை கொதித்தான். "பேச்சு மாறிட்டியே."

"எங்கே மாறினேன்? பேத்திக்குக் கிடைச்ச ரெண்டு முடிச்சும் என்னோடது. உன் நிறமே அங்கே இல்லையே, யாருக்குப் பயந்து என் நிறம் வாயை மூடணும்?"

ஆமாம் என்று வண்டு சாட்சி சொன்னது. செருவிளை பேத்தியைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

நீலத்துக்கும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளைகள் எல்லாம் நீலமாய்ப் பூப்பதும், அவற்றின் பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று வெள்ளையாய் வந்து நிற்பதும் அன்று முதல்தான்.