குப்புராஜுக்குப் போன லிங்க்

செண்பகவல்லிக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் கம்பைலர் வேலை கற்கும் ஆரோக்கியசாமிக்கு ஐம்பத்து மூன்று. கல்லூரியில் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். சிஷ்யர் குருவை மேடம் என்பார், குரு சிஷ்யரைச் சார் என்பார். அந்தக் கோவை ஆபீசில் இதைக் கேலி பண்ணாத ஆளில்லை.

நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். கூடவே ஒரு வழிக்குறிப்பும் எழுதி வைக்கும். பின்னால் நிரல் எங்காவது குப்புற விழுந்தால், எந்த வரியில் விழுந்தது என்று, பிழை தேடும் கருவியான டீபக்கர் அந்தக் குறிப்பைப் படித்துச் சொல்லும். குறிப்பில் பழைய வடிவம் உண்டு, புது வடிவம் உண்டு. வாடிக்கையாளர் ஒன்றும் கேட்காவிட்டால் பம்புக்கு ஒன்று, தறிக்கு ஒன்று, இனிமேல் வரப்போவது ஒன்று என்று இருக்கிற மூன்று சிப்பில் எதற்கு எந்த வடிவம் என்று முடிவு செய்வது ஆரோக்கியசாமியின் வேலை. அவர் பெயரில் போகிற முதல் முடிவு அது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பியாக வேண்டும்.

பதினோரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, வியாழனன்று கேட்டார்.

"புதுசுதான் சிறந்தது மேடம். எல்லாச் சிப்புக்கும் அதையே வச்சிடட்டுமா?"

செண்பகவல்லி பேச்சை மாற்றினார். நாளைக்குத் தன் வீட்டுக் கிரகப்பிரவேசம், வருகிறவர்களுக்கு வீட்டுக்கு வரும் வழியைப் போனில் அனுப்பிவிடுங்கள் என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்தார். இவ்வளவுதானா என்று ஆரோக்கியசாமி எல்லோருக்கும் ஒரே தட்டலில் மேப் லிங்க் அனுப்பினார். அடி பிசகாமல் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற லிங்க். மனுஷனுக்கு அவ்வளவு பெருமை.

மறுநாள் விருந்தாளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். சமையல்காரர் குப்புராஜை மட்டும் காணோம். போட்ட போனையும் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு, ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு அண்டாவோடு வந்து இறங்கினார்.

"ஏனுங்க, இங்கிலீசுல என்னமோ வந்துச்சு. நம்மளுது பட்டன் போனுங்க. மாவு மில்லுக்குப் பின்னாலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எட்டு மணிக்கே வந்திருப்பனே."

வீடே சிரித்தது. ஆரோக்கியசாமிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்புறம் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பரிகாரமாகத் தேங்காய் துருவ உட்கார்ந்தார். பாதி மூடி துருவியவர் அதை அப்படியே போட்டுவிட்டுப் போனை எடுத்தார். பம்பு சிப்பு வாங்குகிற கம்பெனிக்கும் தறி சிப்பு வாங்குகிற கம்பெனிக்கும் பேசினார். உங்களிடம் இருப்பது எந்த டீபக்கர் என்று, பதினோரு நாளில் முதல் தடவையாகக் கேட்டார். இரண்டு இடத்திலும் பழசுதான். புது வடிவத்தைக் கொடுத்தால் அதற்கு ஒரு வரிகூடத் தெரியாது.

பந்தி நடந்தபோது மணி இரண்டரை. அந்தப் பசிக்குச் சாம்பார் தேவாமிர்தமாக இருந்தது. பாயசம் வருவதற்குள் ஆரோக்கியசாமி லேப்டாப்பைத் திறந்து காட்டினார். பம்புக்குப் பழசு, தறிக்கும் பழசு, கேட்டு வாங்குகிறவர்களுக்குப் புதுசு. மூன்றாவது சிப்பு இன்னும் சந்தைக்கே வராதது. அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"இது யார் கைக்குப் போகும்னே தெரியலையே மேடம். யாருக்குப் போன் போட்டுக் கேக்கறது?"

செண்பகவல்லி அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விட்டார்.

"அதுவும் புது வீடுதான் சார். பட்டன் போனோட அங்க இன்னும் யாரும் வரலை. உங்க புது லிங்கையே அனுப்புங்க."