எழுபது மீட்டர்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தெட்டு. உலக வழக்கு அப்படி இல்லைதான். ஆனால் துவக்கைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவள் தர்சிகா, தெரியாதவர் கிருபாகரன். ஆகவே அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை அண்ணை என்றாள்.

துவக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ரொறன்ரோவுக்கு வடக்கே, மேப்பிள் மரங்களுக்குள் ஞாயிறு தோறும் நடக்கிற ஏர்சாஃப்ட் விளையாட்டு இது. பார்வைக்கு நிசத் துவக்கு, உள்ளே போவது மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் குண்டு. முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு கட்சியாகச் சுடுவார்கள். கிருபாகரனுடையது பதுங்கியிருந்து தூரத்தில் சுடுகிற ஸ்னைப்பர் ரகம்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. குண்டு பட்டதா என்று பார்க்க நடுவர் கிடையாது. பட்டவர் தானாகவே கையை உயர்த்திவிட்டு வெளியேற வேண்டும். அவர் வாய்தான் சாட்சி. வளர்ந்தவர்கள் இத்தனை பேர் ஒருவரை ஒருவர் நம்பிச் செய்கிற காரியம் ஊரில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வசந்தத்தில் கிருபாகரன் துவக்கை அவளுடைய மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"டீச்சர், நாற்பது மீட்டருக்கு மேல போகுதில்லை. ஸ்பிரிங்கை மாத்துங்கோ."

"ஸ்பிரிங்கிலை பிழை இல்லை அண்ணை. காத்து ஒழுகுது."

மூன்று கிழமை எடுத்தாள். காற்று கசிந்த இடங்களை அடைத்தாள். குழாயை மாற்றினாள். குண்டைப் பின்பக்கமாகச் சுழலவிடுகிற சின்ன ரப்பரை மூன்று தரம் வெட்டி மூன்று தரம் எறிந்தாள். நாலாவது சரிவந்தது. பாரமான குண்டு போடச் சொன்னாள். எழுபது மீட்டரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் ஐந்துக்கு நாலு விழுந்தது. கிருபாகரனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒக்டோபர் கடைசியில் அதே துவக்கோடு திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"ஸ்பிரிங்கை மாத்துங்கோ."

"ஏன், எழுபது மீட்டர் எட்டம் போதாதே?"

"எட்டம் போதும். பட்டா சுள்ளெண்டு உறைக்கவேணும். படேல்லை எண்டு ஒருத்தரும் பொய் சொல்லக்கூடாது."

"அண்டைக்குச் சொன்ன ஆளையே இன்னும் சொல்லுறியள்?"

"யோகன்."

யோகனும் கிருபாகரனும் ஒரே குளிர்காலத்தில் கனடாவுக்கு வந்தவர்கள். முதல் வருடம் ஒரே அறை. இருவருக்கும் ஒரே கோட்டு, வேலைக்குப் போகிறவர் போட்டுக்கொள்வார். பதினெட்டு வருடப் பழக்கம். இரண்டு ஞாயிறுக்கு முன்னர் யோகன் எதிர்க்கட்சியில் ஒரு மரத்தடியில் இருந்தார். கிருபாகரன் எழுபது மீட்டரிலிருந்து மூன்று குண்டு அவர் முதுகில் வைத்தார், தொலைநோக்கியில் கண்ணாரக் கண்டார். யோகன் அசையவில்லை, கையும் உயர்த்தவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது இருபது பேருக்கு முன்னால் கிருபாகரன் அவரைக் கள்ளன் என்றார். அதற்குப் பிறகு யோகன் களத்துக்கு வரவில்லை.

தர்சிகா மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

"யோகன் அண்ணை அண்டைக்கு என்ன போட்டிருந்தவர்?"

"தடிச்ச ஜாக்கெட். மேல கையில்லாத வெஸ்ட்."

"அதே மாதிரிப் போட்டுக்கொண்டு புதன்கிழமை களத்துக்கு வாங்கோ. துவக்கு என்னட்டை இருக்கட்டும்."

புதன்கிழமை களத்தில் யாரும் இல்லை. காற்று மட்டும் பலமாக அடித்தது. அவள் அவரை அதே மரத்தடியில் முகமூடியோடு இருத்தினாள்.

"அங்காலை பாத்துக்கொண்டு இருங்கோ. நான் பின்னுக்கு நிண்டு சுடுறன். பட்ட உடனை கையைத் தூக்குங்கோ."

"எத்தினை குண்டு?"

"நீங்கள் சொல்லுங்கோவன்."

கிருபாகரன் இருந்தார். இலைகள் சரசரத்தன. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. காலும் விறைத்தது, பொறுமையும் போய்விட்டது. எழும்பித் திரும்பிப் பார்த்தார். அவள் துவக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், துவக்கு இறுகிட்டுதே?"

"இல்லை அண்ணை. முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"ஏழு குண்டு. ஒண்டும் தப்பேல்லை."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் கழுத்துக்குப் பின்னால் தொங்கிய ஜாக்கெட்டுத் தொப்பிக்குள் கைவிட்டு இரண்டு வெள்ளைக் குண்டுகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

கிருபாகரன் அந்த மரத்தடியிலேயே குந்திவிட்டார்.

"உறைக்கவே இல்லையே."

"எழுபது மீட்டர் போய்ச்சேரேக்குள்ளை அதுக்குச் சத்து இராது. மெல்லிசா உடுத்தவைக்குத்தான் தெரியும்."

"அப்ப அவன் பொய் சொல்லேல்லை."

"இல்லை."

உள்ளங்கையிலிருந்த குண்டுகளைப் பார்த்தபடி அவர் சொன்னார். "உங்களுக்குத் தெரியும்தானே, நான் அவனைக் கள்ளன் எண்டு சொன்னதும் அவன் மறுத்துக் கதைக்கேல்லை. எழும்பிக் கையை உயர்த்தினவன். 'பட்டது மச்சான்' எண்டிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போட்டான். ஒத்துக்கொள்ளுறான் எண்டு நினைச்சன்."



கிருபாகரன் கையுறையைக் கழற்றித் தொலைபேசியை எடுத்தார். நாலு முறை அடித்த பிறகு யோகன் எடுத்தார்.

"மச்சான், நான் கிருபா."

"ஓம், சொல்லுங்கோ."

"அண்டைக்குக் குண்டு பட்டது உனக்குத் தெரிஞ்சிராது. எனக்கு இண்டைக்குத்தான் விளங்கினது. பிழை என்னிலைதான்ரா."

"பரவாயில்லை."

"ஞாயிற்றுக்கிழமை வாறியே?"

"துவக்கை ஒராளுக்குக் குடுத்திட்டன். நீங்கள் விளையாடுங்கோ. நான் வைக்கட்டே?"

பதினெட்டு வருடத்தில் யோகன் அவரிடம் 'நீங்கள்' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. கோபமாகப் பேசியிருந்தால் கிருபாகரன் தாங்கியிருப்பார். வங்கியிலிருந்து யாரோ அழைத்ததுபோல் மரியாதையாகப் பேசினார். கிருபாகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகமூடியைக் கழற்றாமலே இருந்தார்.

பிறகு தலையைத் தூக்கினார்.

"டீச்சர், அண்டைக்குச் சாப்பாட்டு மேசையிலை எனக்கு நேரை முன்னாலை நீங்களும் இருந்தனீங்கள்."

"ஓம்."

"இது உறைக்காது எண்டு அப்பவே தெரியுமே?"

"வசந்தத்திலையே தெரியும்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

தர்சிகா துவக்கை உறைக்குள் வைத்து மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"அவரைக் கள்ளன் எண்டு சொல்ல முதல், 'டீச்சரின்ர கைவேலை, எழுபது மீட்டரிலையும் தப்பாது' எண்டு இருபது பேருக்கும் சொன்னீங்கள் அண்ணை. கேக்க எனக்கு நல்லா இருந்தது."