ஒரு பொட்டலம் அந்துருண்டைத் தூள்

குரு என்றால் நாம் தாடியை எதிர்பார்ப்போம். இந்தக் குருவுக்கு இருந்தது ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் யாருக்கும் அசராத பார்வையும்தான். பெயர் மரகதவல்லி. இயந்திரங்களுக்குச் சாணைச் சக்கரம் செய்யும் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவின் தலைவி.

நரையெல்லாம் சிஷ்யருக்குத்தான். தேவசகாயம் படித்தது பீங்கான் தொழில்நுட்பம். பிழைத்தது பேச்சால். பாதி ஆயுளை விற்பனைப் பிரிவில் கழித்தவர்.

ஓசூரில் ஒரு பல்சக்கர ஆலை. அவர் எப்போது போனாலும் அங்கே ஒரே பதில்தான். "வெளிநாட்டு வீல் மாதிரி வராது சார்." கேட்டுக் கேட்டு மனம் புண்ணாகிப்போய் ஒருநாள் மரகதவல்லியிடம் வந்து நின்றார்.

"நானே ஒண்ணு செய்யணும் மேடம். சொல்லிக் கொடுங்க."

"செய்ங்க" என்றார் அவர்.

கடைசியாக ஒரு முறை சோதித்துப் பார்க்க ஓசூர் ஆலை ஒப்புக்கொண்டது. இதிலும் தோற்றால் இனி இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்று அங்கிருந்த இன்ஜினியர் ரங்கபாஷ்யம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

தேவசகாயம் எதிலும் குறை வைக்கவில்லை. இரும்பையே அரைக்கும் குருந்தத் துகளில் இருப்பதிலேயே உயர்ந்ததை எடுத்து, இண்டு இடுக்கில்லாமல் நிரப்பி அழுத்தி, களிமண்ணும் கண்ணாடித் தூளும் கலந்து பிணைத்து, சூளையில் சுட்டெடுத்தார். தங்கள் பட்டறையிலேயே ஓட்டிப் பார்த்தார். பல்சக்கரத்தின் பற்கள் கருகிப்போயின.

"இன்னும் என்ன சேர்க்கணும் மேடம்?"

மரகதவல்லி ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து அந்தச் சக்கரத்தின் மேல் ஊற்றினார். தண்ணீர் வழிந்து தேவசகாயத்தின் ஷூவை நனைத்தது. அலமாரியிலிருந்து தான் செய்த பழைய சக்கரம் ஒன்றை எடுத்துவைத்து அதன் மேலும் ஊற்றினார். அது சத்தமில்லாமல் குடித்துவிட்டது.

"அரைக்கும்போது இரும்புத்தூள் வருமே, அது உங்க வீல்ல எங்க போய் நிக்கும்?"

தேவசகாயம் நனைந்த ஷூவைப் பார்த்தார். "நிக்க இடமில்ல."

"சூட்டைத் தணிக்க ஊத்துற கூலண்ட் எங்க போகும்?"

"அதுக்கும் இல்ல."

"ரெண்டு கை துகளை எடுத்துடுங்க."

"எடுத்துட்டா எப்படி மேடம்? வெட்டுறதே அதுதானே."

மரகதவல்லி மேசை டிராயரைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிரித்ததும் தேவசகாயத்துக்கு வீட்டு பீரோ ஞாபகம் வந்தது.

"பட்டுப்புடவைக்கு நடுவுல வைப்பாங்களே, அந்துருண்டை. அதுவா இது?"

"அதோட தூள்."

"வீல்ல இதுக்கு என்ன வேலை?"

"இடம் பிடிச்சு வைக்கும்."

"அப்புறம்?"

"உலர்த்துற அடுப்புலயே ஆவியாப் போயிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எந்தப் பருமனில், எவ்வளவு போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கேட்டால், "போட்டுப் பாருங்க" என்பார். தேவசகாயம் போட்டுப் பார்த்தார். சில சக்கரங்கள் சூளையில் வெடித்தன. சில கையிலேயே உதிர்ந்தன. வாயால் வீல் விற்றது எவ்வளவு சுகம் என்று அந்த நாட்களில் அவருக்குப் பலமுறை தோன்றியதுண்டு.

கடைசியில் ஒன்று தேறியது. மரக்கட்டையால் தட்டினால் கணீரென்றது. தண்ணீரை ஊற்றியதும் குடித்தது. பேரப்பிள்ளையைத் தூக்குவதுபோல் அதைத் தூக்கிக்கொண்டு மரகதவல்லியிடம் போனார்.

"நாளைக்கு ஓசூர்ல நீங்க பக்கத்துல நின்னா போதும் மேடம். பேசக்கூட வேண்டாம்."

"நான் வரல."

"தப்பாப் போச்சுன்னா?"

"உங்க வீல்தானே."

கோபமாகத்தான் கிளம்பிப் போனார். நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டு நடு ஆற்றில் கைவிட்டமாதிரி இருந்தது அவருக்கு.

ஓசூரில் ரங்கபாஷ்யம் முதலில் அவருடைய தோளுக்குப் பின்னால்தான் பார்த்தார். "மேடம் வரலையா?"

"வரல."

சக்கரம் ஓடியது. முதல் பல்சக்கரம் கருகாமல் வந்தது. ரங்கபாஷ்யத்துக்கு அது போதவில்லை.

"வெளிநாட்டு வீல் இதுக்கு மேல தாங்காது. உங்களுது தாங்குமா? இன்னும் வேகமா அரைக்க ஃபீடைக் கூட்டலாமா?"

தேவசகாயம் பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பினார். அங்கே யாருமில்லை. சக்கரத்தைப் பார்த்தார். அது கூலண்டை வாங்கி வாங்கி இரும்புத்தூளோடு வீசிக்கொண்டிருந்தது. சத்தத்தில் முனகல் இல்லை. எந்தப் பருமனில் எத்தனை துளை என்று அதன் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"கூட்டுங்க" என்றார். "நீங்க நினைச்சதுக்கு மேலயே கூட்டுங்க."

அரைத்து முடித்த பல்சக்கரத்தை ரங்கபாஷ்யம் அமிலத்தில் தோய்த்தெடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கருகியிருந்தால் அமிலம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பல்லிலும் கறை இல்லை.

"இது யாரு டிசைன்?"

"என்னோடது" என்றார் தேவசகாயம்.

"கழட்டி வச்ச வெளிநாட்டு வீல் அப்படியே கிடக்கட்டும். இதுல என்னென்ன இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

ஊர் திரும்பும் வரை பெருமையில் அவருக்கு நெஞ்சு கொள்ளவில்லை. தொழிற்சாலை வாசலுக்கு வந்ததும் ஏனோ உறுத்தியது. நேரே கலவை அறைக்குப் போனார். மரகதவல்லி சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது மேடம். இனிமே நம்ம வீல்தான்."

மரகதவல்லியின் முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரியும். காலையிலேர்ந்து எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன்."

"ஆனா மனசு கேக்கல. யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க, நான்னு சொல்லிட்டேன். உள்ள என்னென்ன இருக்குன்னு கேட்டாங்க. குருந்தம், களிமண், கண்ணாடித்தூள்னு சொன்னேன். உங்க பேரைச் சொல்ல ஒரு இடமே வரல."

"அந்துருண்டையைச் சொன்னீங்களா?"

"அதுதான் உள்ள இல்லையே மேடம்."

மரகதவல்லி சல்லடையைக் கீழே வைத்தார்.

"இருந்திருந்தா வெட்டியிருக்குமா, சார்?"