கறுப்புப் பட்டை

பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று போன் வந்தபோது, அமுதவல்லி விபத்துக் காலப் பயிற்சிக்கு எடுத்த வண்ணப் பட்டைகளை இன்னும் பெட்டியில் திருப்பி வைத்திருக்கவில்லை. சற்றுமுன்புதான் சக நர்சுகள் காயம்பட்டவர்கள்போலப் படுத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நடித்தார்கள். உடனே கவனிக்க வேண்டியவர் கையில் சிவப்புப் பட்டை கட்ட வேண்டும். காத்திருக்கக் கூடியவருக்கு மஞ்சள். நடக்க முடிந்தவருக்குப் பச்சை. பிழைக்க வாய்ப்பில்லாதவருக்குக் கறுப்பு.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் வரிசையாக வந்து நின்றன. இருந்ததோ இரண்டே டாக்டர்கள்.

முதல் ஸ்ட்ரெச்சரில் வந்தவருக்கு உடம்பு முழுக்க வெந்திருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"தண்ணி தாம்மா," என்றார்.

அமுதவல்லி சிவப்பை எடுத்தாள். பயிற்சி கொடுத்த எஸ்தர் மேடம் அவள் கையைத் தடுத்தார்.

"கறுப்பு."

"பேசுறாரு மேடம்!"

"கட்டு."

அவள் கறுப்பை எடுக்கவில்லை. எஸ்தரே கட்டினார்.

"சுவரோரமாத் தள்ளு. அடுத்த ஆளைப் பாரு."

பார்த்தாள். எப்படிப் பார்த்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மூச்சுத் திணறிய ஒருத்திக்கு ஆக்சிஜன் வைத்தாள். ஒருவனின் தொடையை அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தினாள். சுவரோரத்திலிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறை தாங்காமல் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அமுதா, இங்க வா!" என்று எஸ்தர் கூப்பிட்டார்.

வந்தாள். பிறகு அந்தக் குரல் கேட்கவில்லை.

பக்கத்து ஊரிலிருந்து டாக்டர்களும் நர்சுகளும் வந்து சேர்ந்தார்கள். சிவப்புப் பட்டைக்காரர்களில் கடைசி ஆளும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதும் அவள் வெடித்தாள்.

"நாம மனுஷங்களா மேடம்? உயிரோட இருக்கறவருக்கு அதைக் கட்ட எப்படி மனசு வந்தது?"

எஸ்தர் சுவரோரம் போனார். அந்த மனிதரின் கழுத்தில் விரல் வைத்தார். பிறகு கறுப்புப் பட்டையைக் கத்தரித்து எடுத்தார்.

அமுதவல்லி பக்கத்தில் ஓடி வந்தாள். "போயிட்டாரா?"

"சிவப்பு எடு."

"மேடம்?"

"சிவப்பு. அப்படியே சலைன் எடுத்துக்கோ. டாக்டரைக் கூப்பிடு."

அவள் அங்கேயே நின்று கேட்டாள். "பிழைச்சிடுவாரா?"

"தெரியாது."

"அப்படின்னா... முதல்ல கட்டினது தப்பா?"

எஸ்தர் குனிந்து, ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அப்பக் கை பத்தல. இப்ப இருக்கு. ஓடு."