தலைகீழாய் நின்ற முருகன்

இந்தக் கதையைக் கேட்டதும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். மணியக்காரர் செங்கோடரே பகல் முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்த வழக்கு இது.

அமராவதி ஆற்று மணலில் ஒரு வெள்ளிக்காசு அகப்பட்டது. ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. மறுபக்கம் கவசம் அணிந்த ஒருவன், கையில் ஈட்டி, காலடியில் மண்டியிட்ட கைதி. அவன் ரோமாபுரிச் சக்கரவர்த்தி. ஊருக்கு அதெல்லாம் தெரியுமா? வேல் பிடித்தவன் முருகன், கீழே கிடப்பவன் சூரன், அவ்வளவுதான். முருகன் தலைக்கு மேலே கயிறு கோக்க ஒரு வளையம் பற்றவைத்திருந்தது.

காசு கேட்டு செங்கோடரிடம் இரண்டு பேர் வந்தார்கள், ஒரே வீட்டிலிருந்து. பாவாயி அந்த வீட்டுப் பெண். காராயி அவள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு மாதமே ஆனவள். இருவரும் குளிப்பது ஒரே படித்துறையில். மற்றபடி, ரவிக்கைக்குள் கிடக்கிற காசை ஊரில் யார் பார்த்தார்கள்?

“எங்கம்மா போட்டுவிட்டதுங்க. எட்டு வருசமா என் கழுத்துலதான் கெடந்துச்சு,” என்றாள் பாவாயி.

“எங்கம்மா சாகறப்பக் கட்டிவிட்டதுங்க சாமி,” என்றாள் காராயி. “கழட்டாதேன்னு சொல்லுச்சு. அஞ்சு வயசுல இருந்து ஒருக்காக்கூடக் கழட்டுனதில்லீங்க. ஆத்துல கயிறு அறுந்துபோச்சு. அம்மா மூஞ்சிகூட எனக்கு நெனப்பில்ல. இது ஒண்ணுதான் இருக்குது.” சொல்லிக்கொண்டே அழுதாள்.

செங்கோடர் காசைக் கைக்குள் மூடிக்கொண்டு, ஒவ்வொருத்தியையும் தனியே கூப்பிட்டு, “முருகன் எப்பிடி நிக்கறாரு?” என்று கேட்டார்.

“நேரா நிமிந்து நிக்கறாருங்க. கால்கிட்டச் சூரன்,” என்றாள் பாவாயி.

“தலைகீழாங்க. சூரன்தான் மேல இருக்கறான்,” என்றாள் காராயி.

கேள்விப்பட்ட ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. செங்கோடர் வளையத்தில் கயிறு கோத்துத் தூக்கிப் பிடித்தார். முருகன் நிமிர்ந்துதான் நின்றார். அப்படியானால் பாவாயி சொன்னது சரிதானே? ஆனால் பொய் சொல்ல வந்தவள் இப்படியொரு கூத்தையா சொல்வாள்? அவருக்கு ஒன்றுமே ஓடவில்லை. ஒரு தாயில்லாப் பிள்ளையின் பாவத்தைக் கட்டிக்கொள்வோமோ என்று பயம் வேறு.

நீங்கள் சொல்லுங்கள், இருவரில் யார் சொன்னது மெய்? காசு யார் கழுத்துக்குப் போக வேண்டும்?

விடை: சலித்துப்போன செங்கோடர் காசைத் தம் கழுத்திலேயே மாட்டிக்கொண்டார். குனிந்து, விரலால் தூக்கிப் பார்த்தார். முருகன் தலைகீழாக நின்றார்! படித்துறையில் எதிரே நின்று பார்த்தவளுக்குத்தான் அவர் நேர். போட்டிருந்தவளுக்கு என்றைக்கும் மிதித்தவன் கீழே, மிதிபட்டவன் மேலே. காராயி காசை வாங்கிக் கட்டிக்கொண்டு, முடிச்சை இரண்டுமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.