ஒருத்தனைக் காட்டு

ஊருக்கு வெளியே கருவேலங்காட்டுக்கு நடுவில் ஓர் இன்ஜினியரிங் காலேஜ். தாளாளர் தனகோடி வாயைத் திறந்தால் அதன் பெருமைதான். அட்மிஷன் நாளன்று மகனோடு வந்த ஒரு விவசாயி, “இங்க படிச்சா வேலை கிடைக்குங்களா?” என்று கேட்டுவிட்டார்.

தாளாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் வாட்ச்மேன் ஜெயசீலனைக் கூப்பிட்டார்.

“இங்க படிச்சிட்டு வேலையில்லாம இருக்கிற ஒருத்தனைக் காட்டுடா பார்ப்போம். காட்டிட்டா இன்னைக்கே காலேஜை இழுத்து மூடறேன்!”

“அப்படி ஒருத்தனும் இல்லீங்கய்யா” என்றான் ஜெயசீலன்.

தாளாளர் மீசையை முறுக்கினார்.

“கேன்டீன்ல பரோட்டா போடறவன் மெக்கானிக்கல். உங்க டிரைவர் கம்ப்யூட்டர் சயின்ஸ். கேட்ல நிக்கிற நான் சிவில். எல்லாரும் இங்க படிச்சவங்கதான். யாரும் சும்மா இல்லீங்க.”

கூட்டம் சிரித்தது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

“திமிராடா? இந்த நிமிஷத்திலிருந்து உனக்கு வேலை கிடையாது. வெளியே போ!”

ஜெயசீலன் தொப்பியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தான்.

“இதோ, ஒருத்தன் கிடைச்சிட்டானுங்கய்யா. எப்ப மூடறீங்க?”

காலேஜை யாரும் மூடவில்லை. மறுநாள் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றவன் எலெக்ட்ரிக்கல்.