பாதிப் பாலத்தில் ஜமீன்தார்

கஞ்சாச் செடி என்றால் மயக்கம்தான், வேறொன்றுமில்லை என்று நினைத்த ஒரு ஜமீன்தார் மலையூருக்கு வந்து, வயிற்றுப்போக்கில் மூன்று நாள் சுருண்டு கிடந்தார். கயிறு திரிக்கும் மாதி ஒரு கஷாயம் கொடுத்தாள். போக்கு நின்றது. என்ன இலை என்று அவர் கேட்கவில்லை.

நான்காம் நாள் தோட்டத்தில் ஆளுயரம் நின்ற செடிகளைப் பார்த்துவிட்டார்.

"கஞ்சாவா! நான் அக்கரை சேர்றதுக்குள்ள இந்தச் செடியோட ஒரு இலை, ஒரு நார் இங்கே மிஞ்சக் கூடாது. மிஞ்சினா ஊரே மலையை விட்டு இறங்கணும்!"

சொல்லிவிட்டு, பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேர் பின்தொடர, கயிற்றுப் பாலத்தில் ஏறினார். கீழே அதல பாதாளத்தில் ஆறு. பாதியில் திரும்பினால், ஊர்க்கரையில் பாலத்தைக் கட்டிய முடிச்சருகே மாதி அரிவாளோடு நிற்கிறாள்.

"அடியே, என்ன செய்யற?"

"உத்தரவுதான் சாமி. இந்தப் பாலம் முழுக்க அந்தச் செடியோட நாருதான். அதான் இதுல ஆரம்பிக்கலாம்னு. உங்க வயித்துக்குள்ள போன இலையைத்தான் எப்படி எடுக்கிறதுன்னு தெரியல."

ஜமீன்தார் கயிற்றைப் பார்த்தார். கைப்பிடிக்குள் அடங்கும் கயிறு, ஒன்பது உயிரை ஆகாயத்தில் தாங்கி நின்றது.

"செடி இருக்கட்டும் தாயி" என்றார் மெல்ல.

இரு கையும் கூப்பிக் கும்பிடத்தான் தோன்றியது அவருக்கு. கயிற்றை விடத்தான் தைரியம் வரவில்லை.